கண்ணைக் கட்டிக் கொண்டுபோனார்கள்

(திருவெண்ணெய்நல்லூரில் ஆடிச் சுவாதி, சுந்தரர் குருபூசை மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்று சாயரட்சை முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா தன் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு தாயத்து. இரண்டும் புதுசு.

"ஐயா, மூணு நாளா ராத்திரியில அலறி அலறி எழுந்திருக்குது. யாரோ தூக்கிட்டுப் போறாங்களாம். கடத்திட்டுப் போற மாதிரி கனவு வந்தா கண்டம் இருக்குதுன்னு ஒருத்தரு சொன்னாரு. மூவாயிரத்து ஐந்நூறு ரூபா வாங்கிக்கிட்டு இந்தக் கயித்தக் கட்டினாரு. இன்னும் ரெண்டு பரிகாரம் பாக்கி இருக்குதுங்கறாரு. இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

நான் அந்த அம்மாவுக்கு உடனே பதில் சொல்லவில்லை. குழந்தையைத்தான் கேட்டேன்.

"தூக்கிட்டுப் போனவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு கண்ணு?"

"மூஞ்சியே இல்ல தாத்தா."

"எங்க கொண்டுபோனான்?"

"தெரியல. இருட்டா இருந்துச்சு. நான் சாக்குக்குள்ள இருந்தேன்."

"நீ என்ன பண்ணின?"

"அம்மான்னு கூப்பிட்டேன். வாயத் தொறந்தேன். சத்தமே வரல."

சாக்கு என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சோறு உண்ண அடம்பிடித்தால், "பிள்ளை பிடிக்கிறவன் வருவான், சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டுவாராம். அவரை நான் குறை சொல்லவில்லை. என் ஆயா எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான். ஏழெட்டு வயதுவரை எனக்கும் இந்தக் கனவு வந்தது. ஊர் எல்லையில் ஒரு புளியமரம் உண்டு. அதைத் தாண்டும்போது சாக்கின் வாய் இறுகும். அழுதுகொண்டே எழுந்திருப்பேன். ஆயா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவருவாள். "கனவைத் தண்ணிகிட்டச் சொல்லு" என்பாள். நான் சொல்லச் சொல்ல "உம்" கொட்டுவாள். பிறகு அந்தத் தண்ணீரை வாசலில் கொண்டுபோய் ஊற்றிவிடுவாள். கனவைச் சொன்னது தண்ணீரிடம்தான் என்றாலும் கேட்டவள் ஆயா. அதனால்தான் ஆறியது. அந்த வைத்தியத்துக்கு அவள் ஒரு காசும் வாங்கவில்லை.

இன்று சுந்தரரின் தடுத்தாட்கொண்ட புராணம் சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் இந்தக் குழந்தையின் கனவு வழியாகப் போகிறேன். முகமில்லாத ஒருவன், தெரியாத ஓர் இடம், வராத ஒரு குரல். இந்த மூன்றும் நம் எல்லாருடைய கதையும்தான் என்று நேற்று இரவு முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இதைத் தத்துவத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகல் வெளிச்சத்தில், மடியில் உட்காரவைத்து, மெதுவாகக் கேளுங்கள். மிரட்டல் பேச்சுத்தான் காரணமென்றால் அந்தப் பேச்சை நிறுத்தினால் போதும். ஆனால் சில சமயம் கனவில் வரும் முகமில்லாதவனுக்குப் பகலில் முகம் இருக்கும். தெருவிலோ, வண்டியிலோ, உறவிலோ ஒருவன் அந்தப் பிள்ளையை அச்சுறுத்திக்கொண்டிருப்பான். அப்படி ஏதும் தெரிந்தால் மானம் போகுமென்று மூடிவைக்காதீர்கள். 1098 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது குழந்தைகளுக்காகவே இரவும் பகலும் விழித்திருக்கும் எண். கயிறு கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பெரியவர்களுக்கும் இந்தக் கனவு வருகிறது. சாக்குக்குப் பதிலாகக் கார் வரும், வேன் வரும், பூட்டிய அறை வரும். ஓட நினைத்தால் கால் வராது. கத்த நினைத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். நம் கிராமத்தில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்குகிறதாம். உடம்பைப் படித்தவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்வோம். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக உருளும் ஓர் உறக்கக் கட்டம் உண்டென்று எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. அப்போது உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு எழுந்து ஓடிவிடாதிருக்க இயற்கை வைத்த தாழ்ப்பாள் அது. விழிப்பு சற்று முந்திக்கொண்டு, தாழ்ப்பாள் திறக்கக் கொஞ்சம் தாமதமானால், நமக்கு நினைவு இருக்கும், கை கால் அசையாது, குரல் எழும்பாது. பேய் வந்து அமுக்கவில்லை, பயப்படாதீர்கள். சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிஷம் பொறுத்தால் உடம்பு தானே அவிழ்ந்துவிடும்.

இந்தப் பயக் கனவுகளை நம் முன்னோர் கவனிக்காமல் இல்லை. பிருகதாரண்யக உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில் யாக்ஞவல்கியர் ஜனகருக்குக் கனவைப் பற்றிச் சொல்கிறார். தன்னை யாரோ கொல்வதுபோல, அடக்கி ஒடுக்குவதுபோல, யானை துரத்துவதுபோல, குழியில் விழுவதுபோல மனிதன் கனவு காண்கிறான். விழித்திருக்கும்போது எதைக் கண்டு அஞ்சினானோ அதையே அங்கேயும் அறியாமையால் உண்டென்று எண்ணிக்கொள்கிறான் என்கிறார். கவனியுங்கள், "நாளை உனக்கு இது நடக்கும்" என்று அவர் சொல்லவில்லை. நேற்றைய பயத்தின் நிழல் என்கிறார். கனவில் தேரும் இல்லை, குதிரையும் இல்லை, பாதையும் இல்லை, எல்லாவற்றையும் கனவு காண்பவனே படைத்துக்கொள்கிறான் என்றும் அங்கேயே சொல்கிறார். அப்படியானால் கடத்துகிறவனும், கடத்தப்படுகிறவனும், அந்தச் சாக்கும் நீங்கள் நெய்ததுதான்.

"அப்போ கனவு பலிக்கவே பலிக்காதா?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனவு பலித்ததே! தானும் கோவலனும் ஒரு பெரிய ஊருக்குப் போனதாகவும், அங்கே பொருந்தாத ஒரு பழியைத் தன் கணவன்மேல் போட்டதாகவும் கண்டாள். மதுரையில் அது அப்படியே நடந்தது. கனவைக் கேட்ட தோழி தேவந்தி என்ன சொன்னாள்? சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு இன்புற்றிருக்கலாம் என்றாள். இன்றைய சொல்லில் அது பரிகாரம். கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என்று ஒரே சொல்லில் மறுத்தாள்.

எனக்கு இந்த இடம் பெரிது. வரப்போவதை நிழலாகக் காட்டும் கனவு எப்போதாவது இருக்கலாம், அதை மறுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் கனவைக் கண்டு கண்ணகி தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் குனிய மறுத்த இடத்தில் நாம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பயந்துபோன தாயின் மடியிலிருந்து பணம் எடுப்பவன், குழந்தையின் கனவில் வந்தவனைவிடப் பெரிய பிள்ளைபிடிக்கிறவன். கோயில் வாசலில் நின்றுதான் இதைச் சொல்கிறேன். யாருக்கு வருத்தமானாலும் சரி.

இனி, தெரியாத இடம் என்றாளே குழந்தை, அதற்கு வருகிறேன். சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவுக்குப் பாடம் சொல்கிறார். மகன் பன்னிரண்டு ஆண்டு குருகுலத்தில் படித்து, இருபத்துநான்கு வயதில், எல்லாம் தெரியும் என்ற நிமிர்வோடு வீடு திரும்பியவன். அவனுக்கு அப்பா ஒரு கடத்தல் கதை சொல்கிறார். உபநிடதத்தில் கடத்தல் கதையா என்று நீங்கள் வியக்கலாம், ஆனால் இருக்கிறது!

காந்தார தேசத்து மனிதன் ஒருவன். இன்று பெஷாவர், தட்சசீலம் என்கிறோமே, அந்தப் பக்கம். அவன் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஆளரவமற்ற ஓரிடத்தில் விட்டுவிடுகிறார்கள். அவன் கிழக்கே திரும்பிக் கத்துகிறான், வடக்கே திரும்பிக் கத்துகிறான், தெற்கே கத்துகிறான். கண்ணைக் கட்டிக் கொண்டுவந்தார்கள், கண்ணைக் கட்டியபடியே விட்டுவிட்டார்கள் என்று கதறுகிறான். அந்த வழியே வந்த ஒருவர் அவன் கட்டை அவிழ்க்கிறார். "காந்தாரம் அந்தத் திசையில் இருக்கிறது, போ" என்கிறார். அவன் புத்தியுள்ளவன். ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே போய்த் தன் ஊரைச் சேர்ந்துவிடுகிறான். ஆசாரியரைப் பெற்றவன் அறிகிறான் என்று முடிக்கிறார் உத்தாலகர்.

இந்தக் கதைக்கு உரை எழுதிய ஆதிசங்கரர் அந்தக் கள்வர் யாரென்று சொல்கிறார். பாவம் ஒரு கள்வன் என்றால் நமக்குப் புரியும். அவரோ புண்ணியத்தையும் கள்வர் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார். இரண்டுமாகச் சேர்ந்து நம் கண்ணில் மோகம் என்ற துணியைக் கட்டி, இந்த உடம்பென்னும் காட்டில் கொண்டுவந்து விட்டன. நாம் அங்கே நின்று, நான் இன்னாரின் மகன், இவர்கள் என் சொந்தம், எனக்கு இது கிடைத்தது, அது போயிற்று என்று கத்திக்கொண்டிருக்கிறோம் என்கிறார்.

வழிகாட்டியவர் அவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. வண்டி வைத்து அனுப்பவும் இல்லை. கட்டை அவிழ்த்தார், திசையைக் காட்டினார். நடந்தவன் அவன்தான், விசாரித்தவனும் அவன்தான். அவர் ஏன் அந்த இடத்துக்கு வந்தார்? அவன் கத்தினான், அதனால் வந்தார். "இந்தக் காடும் நல்லாத்தான் இருக்குது" என்று கண்கட்டோடு அங்கேயே குடிசை போட்டிருந்தால் அவர் தம் வழியே போயிருப்பார். கடத்தப்படும் கனவின் பொருளை நான் இங்கேதான் பார்க்கிறேன். கொண்டுபோனவன் யார் என்பதில் பொருள் இல்லை. கனவிலும்கூட "வீட்டுக்குப் போகணும்" என்று உங்களுக்குள் ஒன்று அழுததே, அந்த அழுகையில் இருக்கிறது. வீடென்று ஒன்று இல்லாதவனை யாரும் கடத்த முடியாது. நான் இருக்க வேண்டிய இடம் இதுவல்ல என்று உயிருக்குத் தெரிந்திருக்கிறது. பகலெல்லாம் சந்தடியில் அமுங்கிக் கிடந்த அந்த அறிவு, இரவில் சாக்குக்குள்ளிருந்து வாயைத் திறக்கிறது.

இப்போது முகமில்லாதவன். அவன் முகத்தைக் காட்டியவர் இந்த ஊர்க்காரர். பெண்ணாகடத்தில் பிறந்து, இந்த வெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, உளிபடாத பொல்லாப் பிள்ளையாரின் அருள்பெற்ற மெய்கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். எட்டாவது சூத்திரத்தில் ஐம்புலன்களை வேடர் என்கிறார். அந்த வேடரோடு வளர்ந்து அயர்ந்து தன்னை மறந்த உயிருக்கு, முதல்வனே குருவாக வந்து "நீ யார் தெரியுமா?" என்று உணர்த்துகிறான் என்கிறார். உரையாசிரியர்கள் இதைக் கதையாக விரிப்பார்கள். அரசன் பெற்ற பிள்ளை, சின்ன வயதிலேயே வேடர் கையில் அகப்பட்டுக்கொண்டது. அவர்கள் பேச்சு அதன் பேச்சானது, அவர்கள் தின்பது அதன் தீனியானது. கண்ணி வைக்கக் கற்றுக்கொண்டது. ஒருநாள் அப்பன் தேடிவந்தான்.

கயிறு கட்டிப் பிடித்துவைத்திருந்தால் அந்தப் பிள்ளை தப்பி ஓடியிருக்கும். வேடர் கட்டவில்லை, பழக்கினார்கள். இதுதான் பயங்கரம். ஐம்புல வேடர் ஐந்து பேருக்கும் முகமில்லாததற்குக் காரணம், அவர்கள் முகத்தை நாம் நம் முகமென்று எண்ணிக்கொண்டிருப்பதே. இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியை எடுக்கிறோம். ஒரு மணி ஆகிறது. நம்மை யாரும் கடத்தவில்லை, நாமேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்கிறோம். அந்த இரண்டு மணி நேரம் நாம் வீட்டிலா இருந்தோம்? பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டது காதில் விழுந்ததா?

போன வருஷம் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் காணொளி அழைப்பில் வந்தான். "உங்க பேர்ல கேஸ் இருக்கு, கேமரா முன்னாடியிருந்து நகரக் கூடாது, வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றான். டிஜிட்டல் கைதாம். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. அவருக்கு அது தெரியவில்லை. சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில், இரண்டு நாள். அடுத்த அறையில் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார். சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. கயிறும் இல்லை, வேனும் இல்லை, பயம் ஒன்றே அவரைக் கட்டியது. இப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930-ஐக் கூப்பிடுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அந்தச் சொல்லையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அது கள்வன் குரல். காவிகட்டிக்கொண்டு ஒருவர் சொன்னாலும் அதுதான் அடையாளம்.

சரி, சுந்தரருக்கு வருவோம். நாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளை, தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடுகிறது. அந்த வழியே வந்த நரசிங்க முனையரையர் பார்த்து ஆசைப்பட்டு, பெற்றவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் அரசப் பிள்ளையாக வளர்க்கிறார். மெய்கண்டார் கதையில் அரசன் பிள்ளை வேடரிடம் போனது. இங்கே வேதியர் பிள்ளை அரண்மனைக்குப் போகிறது. ஆனால் அரண்மனையும் அவர் வீடு இல்லை. அது அவருக்குத் தெரியாது. பருவம் வந்தது. புத்தூர்ச் சடங்கவியார் மகளை மணம் பேசினார்கள். பந்தல் போட்டாயிற்று, மாப்பிள்ளை கோலத்தில் வந்து உட்கார்ந்தாயிற்று.

அப்போது குடையும் தண்டுமாகத் தள்ளாடி ஒரு கிழ வேதியர் வருகிறார். "எனக்கும் இவனுக்கும் ஒரு வழக்கு உண்டு. அதைத் தீர்த்துவிட்டுத் திருமணம் நடக்கட்டும். இந்த நாவலூரான் என் அடிமை" என்கிறார். சபை சிரிக்கிறது. நம்பி ஆரூரர் என்ற சுந்தரர் கோபத்தில் கிழவரைப் பித்தன் என்கிறார், அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. "கிழித்தது படி ஓலை. மூல ஓலை என்னிடம் இருக்கிறது. என் ஊர் வெண்ணெய்நல்லூர், அங்கே வா" என்கிறார். இந்த ஊர் அவையில்தான் வழக்கு நடந்தது. அவையோர் சான்று கேட்டார்கள். அந்த ஓலையை எழுதிய ஆரூரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறு ஏட்டை வரவழைத்து ஒப்புப் பார்த்தார்கள். எழுத்து ஒத்தது. "நம்பி, நீ தோற்றாய், அடிமை செய்வதே கடன்" என்றார்கள். "இந்த ஊரில் உம் வீடு எங்கே?" என்று கிழவரைக் கேட்டார்கள். வாருங்கள் காட்டுகிறேன் என்று முன்னே நடந்தவர், இதோ இந்த அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்தார். பிறகு காணவில்லை. இடப வாகனத்தில் காட்சி வந்தது, அழைக்கும் குரலும் வந்தது. தாய்ப்பசு கனைத்ததும் கன்று கதறுவதுபோல ஆரூரர் கதறினார் என்பார் இந்தப் புராணத்தைப் பாடிய சேக்கிழார். காந்தாரத்தானின் அழுகை வீடு தேடிய அழுகை, இது வீடு கண்டவனின் அழுகை.

ஒரு மணமகனை மணப்பந்தலிலிருந்து கொண்டுபோவதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? சேக்கிழார் தடுத்தாட்கொள்ளுதல் என்று பெயர் வைத்தார். நம் மரபு இறைவனைக் கள்வன் என்று சொல்லக் கூசியதே இல்லை. ஸ்ரீருத்ரம் அவரைத் திருடர்களுக்கெல்லாம் தலைவர் என்று வணங்குகிறது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுச் சம்பந்தர் தம் முதல் பாட்டிலேயே அவரை உள்ளத்தைத் திருடியவன் என்று அப்பாவிடம் கைகாட்டிச் சொல்லிவிட்டார். ஆக, கொண்டுபோகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வீட்டிலிருந்து கொண்டுபோகிறவர் ஒரு வகை, வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் இன்னொரு வகை. பிடியில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் வலிக்கும். வேலை போகும், உடம்பு படுத்தும், கட்டிய திட்டம் சரியும். எப்படி வேறுபாடு காண்பது?

இந்த வழக்கையே பாருங்கள். கள்வன் கண்ணைக் கட்டுகிறான், ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறான், யாரிடமும் சொல்லாதே என்கிறான். இந்தக் கிழவரோ நட்ட நடுப் பந்தலில், நூறு பேர் காண வந்து நின்றார். தம் ஊரைச் சொன்னார். ஓலையைக் காட்டினார். ஊர்ச்சபையில் வந்து வாதாடித் தீர்ப்பு வாங்கினார். எதிர்த்துப் பேசியவனை அடிக்கவில்லை. அந்த வன்சொல்லுக்கே பரிசாக வன்தொண்டன் என்று பெயர் கொடுத்தார். உங்களை ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போகிறதென்றால், அது உங்கள் கண்ணைத் திறக்கிறதா, கட்டுகிறதா என்று பாருங்கள். கேள்வி கேட்க விடுகிறதா, வாயை அடைக்கிறதா என்று பாருங்கள்.

பந்தலில் விட்டுப்போன அந்தப் பெண்ணை நினைத்து நான் பல வருஷம் மனம் கலங்கியிருக்கிறேன். அவள் என்ன செய்தாள் பாவம்? சேக்கிழாரும் அவளை மறக்கவில்லை. அந்த நம்பியையே நாள்தோறும் நினைந்திருந்து அவள் சிவலோகம் அடைந்தாள் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டுத்தான் போகிறார். ஆறுதல்தான். ஆனாலும் அந்தக் காலிப் பந்தல் என் கண்ணைவிட்டு அகலவில்லை, அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடத்தல் என்பது கனவாக இல்லாமல் நிஜமாக நடந்த வீடுகள் உண்டு. ஈழத்தில் வெள்ளை வேன் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் உடம்பு நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தார்கள். அவர்கள் உறக்கத்தில் வரும் வேன் ஐம்புலன் இல்லை, மோகத்துணியும் இல்லை. அவர்களிடம் போய் நான் உபநிடதம் பேசமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் பெயரைக் கேட்பேன். அதுபோல, நிஜமாகவே வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அதே காட்சி கனவில் திரும்பத் திரும்ப வந்தால், அது மனப்புண். மருத்துவரிடம் போக வேண்டும். போவதால் பக்தி குறைந்துவிடாது.

அந்த மருத்துவர்கள் கற்றுத்தரும் ஒரு முறையைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மிரட்டும் கனவைப் பகலில், விழிப்பில், மனத்தில் எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதன் முடிவை வேறு மாதிரி மாற்றி அமைத்து, தினமும் சிறிது நேரம் அந்தப் புது முடிவை மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். பலருக்கு நாளடைவில் கனவின் கடுமை குறைகிறது. எனக்கு உடனே அசோகவனம் நினைவுக்கு வந்தது.

இந்த ஊர்ச் சடையப்ப வள்ளல் சோறிட்டு வளர்த்த கம்பன் அந்தக் காட்சியை எழுதியிருக்கிறான். கடத்தப்பட்ட சீதை தூங்குவதில்லை. "நீ தூங்குவதில்லை, அதனால் உனக்குக் கனவு வருவதில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன், கேள்" என்று வீடணன் மகள் திரிசடை தன் கனவைச் சொல்கிறாள். இராவணன் எண்ணெய் பூசிக்கொண்டு தென்திசை போகிறான். அவன் மாளிகையிலிருந்து ஒரு பெண் ஆயிரம் திரி எரியும் விளக்கோடு வெளியே வந்து வீடணன் வீட்டுக்குள் போகிறாள். அந்த நேரத்தில் நீ என்னை எழுப்பிவிட்டாய், கனவு முடியவில்லை என்கிறாள் திரிசடை. சீதை என்ன செய்தாள்? கைகூப்பி, "அம்மா, இன்னும் கொஞ்சம் தூங்கு, மிச்சத்தையும் கண்டு சொல்" என்று கேட்டாள். சிறையில் இருப்பவள், கனவைக் கண்டு பயப்படவில்லை, பரிகாரம் கேட்கவில்லை, கனவின் முடிவைக் கேட்டாள்!

நேற்று அந்தக் குழந்தைக்கு நான் சீதை கதையில் ஒரே ஒரு இடத்தைத்தான் சொன்னேன். வானத்தில் இராவணன் கொண்டுபோகும்போது, கீழே மலைமேல் குரங்குகள் உட்கார்ந்திருப்பதைச் சீதை பார்த்தாள். தன் நகைகளைக் கழற்றி மேலாடையில் முடிந்து அவற்றின் நடுவே போட்டாள். குரல் எட்டாத உயரத்திலும் அவளால் ஓர் அடையாளம் போட முடிந்தது. இராமனுக்குத் திசை தெரிந்தது. "உன் கனவுல நீ என்ன போடுவே? யோசிச்சு நாளைக்கு வந்து சொல்லு" என்றேன். அம்மாவிடம், படுக்கும்போது பக்கத்தில் இருந்து நாமம் சொல்லுங்கள், பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லட்டும், கனவில் எழும்பாத குரலை விழிப்பில் பழக்குங்கள் என்றேன்.

இன்று இந்த மேடைக்கு ஏறும் முன் இரண்டு பேரும் வந்தார்கள். நேற்று இரவும் கனவு வந்ததாம். ஆனால் அலறவில்லையாம்.

"என்ன கண்ணு போட்ட?" என்று கேட்டேன்.

கையை நீட்டிக் காட்டினாள். "வளையல். ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போவேன். அம்மா பொறுக்கிக்கிட்டே வரும்."

"எத்தனை வளையல் இருக்கு?"

எண்ணிப் பார்த்தாள். "இந்தக் கையில ஆறு, அந்தக் கையில அஞ்சு."

"போதுமா?"

"போதும் தாத்தா. எங்கம்மா வேகமா நடக்கும்."